உபயம்: பி ஷிப்ட்

என் பெயர் மகிழினி. பெயருக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். எனக்கு முன்கோபம் அதிகம், வாயும் சும்மா இருக்காது. ஆனால் எவர்சில்வர் தகட்டுக்குள் படத்தை ஒளித்துவைக்கிற வேலையில் கோயம்புத்தூரில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என்னைக் கண்டாலே ஆகாத எங்கள் மேனேஜர் தரணிதரனும் இதை ஒப்புக்கொள்வார்.

வாளித் தண்ணீரில் வெயில் பட்டால் எதிர்ச்சுவரில் வெளிச்சம் வலைவலையாக ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீரின் மேடுபள்ளம் வெயிலை ஓரிடத்தில் கூட்டும், இன்னோரிடத்தில் கலைக்கும். அதே மேடுபள்ளத்தை நமக்கு வேண்டிய மாதிரி கணக்குப் போட்டுத் தட்டின் அடியில் அழுத்திவிட்டால் வெளிச்சம் ஆடாது. நாம் சொன்ன உருவத்தில் சுவரில் நிற்கும். அந்த மேடு ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது. பார்த்தால் வெறும் தட்டு. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாகச் சுவரில் நிற்பார்கள். இப்போதெல்லாம் கல்யாண வரிசையில் இந்தத் தட்டு இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கம்பெனி குறிச்சியில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போகிற பி ஷிப்ட் முழுக்கப் பெண்கள். தட்டின் நடுப்பகுதிக்கு அச்சு வடிப்பது என் வேலை. விளிம்புக்கு வடிப்பது ஓவியாவின் வேலை. என்னைவிட வயதில் சின்னவள், வாயில் என்னைவிடப் பெரியவள். எங்கள் எல்லோருக்கும் தலைவி ஏஞ்சலின், சங்கச் செயலாளர். அவரை ஏஞ்சலக்கா என்போம்.

போன மாசியில் எங்கள் சுபிக்ஷா செத்துப்போனாள். ப்ரெஸ்ஸுக்குள் கை போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும், அதற்கென்று சென்சார் இருக்கிறது. கல்யாண சீசனில் அது அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது, ஆர்டர் தாமதமாகிறது என்று கம்பெனியே அதை அணைத்து வைத்தது. கோணலாக விழுந்த தகட்டைச் சரிசெய்யக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. எதிர் மெஷினில் நான் நின்றிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

கம்பெனி வேறு கதை சொன்னது. ஊக்கத்தொகைக்கு ஆசைப்பட்டு சுபிக்ஷாவே சென்சாரை அணைத்தாளாம், அணைக்கச் சொல்லிக்கொடுத்தது ஏஞ்சலக்காவாம். அன்று சாயங்காலமே தொழில் நாசவேலைச் சட்டத்தில் அக்காவைக் கொண்டுபோய்ப் பெண்கள் காப்பகத்தில் வைத்தார்கள். இந்தக் காலத்தில் ஜெயிலுக்குப் பெயர் காப்பகம்.

அக்காவின் வக்கீல் பெனாசிர் ஒருநாள் கம்பெனி எதிரே டீக்கடையில் எங்களைப் பிடித்தார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அவங்க கையெழுத்துப் போட்டுருவாங்க போலிருக்குங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டு."

"ஏஞ்சலக்காவாவது, கையெழுத்தாவது. ஆருகிட்டப் பேசறீங்க மேடம்?" என்றேன்.

"உங்க எல்லாரோட சாட்சியையும் அவங்களுக்குத் திரையில போட்டுக் காட்டியிருக்காங்க. நீங்க, ஓவியா, ஷிப்ட் மொத்தமும். 'ஏஞ்சலக்காதான் அணைக்கச் சொன்னாங்க'ன்னு ஒவ்வொருத்தரா அழுதுட்டே சொல்லி, கையெழுத்தும் போடறீங்க."

"நாங்க எப்பங்க சொன்னோம்?"

"நீங்க சொல்லலை, மெஷின் சொல்ல வெச்சிருக்கு. உங்க மூஞ்சி, உங்க குரல். பேசறதுக்கு முன்னாடி மூக்கை உறிஞ்சுவீங்களே, அதுகூட அப்படியே இருக்கு."

எனக்கு நெற்றி நரம்பு தெறித்தது. "நேர்ல போய்ச் சொல்லுங்க, அத்தனையும் பொய்யின்னு."

"யாரையும் நேர்ல விடறதில்லைங்க. நானே திரையிலதான் பேசறேன். போன தடவை என்னையே கேட்டாங்க, 'நீ நெஜ பெனாசிரா?'ன்னு. நான் என்ன சொல்லட்டும்? நெஜம்னுதான் போலியும் சொல்லும்."

"அப்ப நாங்க கோர்ட்டுக்கு வர்றோம்," என்றாள் ஓவியா.

"சான்று முத்திரை வாங்கின காட்சி இருந்தா ஆள் வரத் தேவையில்லைன்னு சட்டமே இருக்கு. நீங்களா வந்தா, பணம் வாங்கிட்டு மாறிட்டாங்கன்னு ஒதுக்கிருவாங்க. அரசுத் தரப்பு கூப்பிட்டாத்தான் நீங்க கூண்டுல ஏற முடியும். அவங்க எதுக்குக் கூப்பிடறாங்க?" பெனாசிர் டீயைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை வாய்தா. அன்னைக்குக் கையெழுத்துக் கேப்பாங்க. போட்டுட்டா அக்கா சீக்கிரம் வெளிய வந்துரலாம். ஆனா சுபிக்ஷா தன்னோட பேராசையில செத்தான்னு கோர்ட்டு எழுதி மூடிரும். சென்சார் அணைஞ்சது அணைஞ்சபடியே கெடக்கும்."

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். தன் ஆட்கள் மொத்தப் பேரும் தன்னைக் காட்டிக்கொடுப்பதைக் கண்ணால் பார்த்தவர், யாருக்காக உள்ளே கிடக்க வேண்டும்?

அந்த வாரமே காப்பகத்துக்குப் புதுத் தட்டு ஆர்டர் வந்தது. சாதாரணச் சோற்றுத் தட்டு, படம் கிடம் எதுவும் வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றார் தரணிதரன். அதை எங்கள் ஷிப்டிடமே கொடுத்தார். இந்தப் பெண்களால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு அவருக்கு. அந்த நினைப்புக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஓவியாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா எந்தத் தட்டுல சாப்பிடுவாங்கன்னு நமக்குத் தெரியாதேக்கா," என்றாள்.

"எல்லாத் தட்டுலயும் அடிச்சிருவோம்."

"அப்ப எல்லாரும் பாப்பாங்க. வார்டரம்மா உட்பட."

"பாக்கட்டும். ஒருவேளைச் சோறு தின்னு, தட்டைக் கழுவி வெயில்ல சாய்ச்சு வெச்சாப் போதும். அதுக்கப்புறம் புடுங்கிட்டுப் போனாப் போகுது."

மூஞ்சிகளைப் போடலாம் என்றாள் ஒருத்தி. எங்கள் மூஞ்சியை வைத்துத்தானே அக்காவை ஏமாற்றினார்கள், மூஞ்சியே வேண்டாம் என்று தள்ளினேன். அக்காவின் பெயரைப் போட்டாலும் உடனே அவரைப் பிடித்து உலுக்குவார்கள். கடைசியில் இரண்டே வரி நின்றது. 'யாரும் கையெழுத்துப் போடலை. நீயும் போடாதே.'

ஷிப்ட் முழுவதிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வேலை போகும், கேஸ் வரும் என்று ஒளிக்காமல் சொன்னேன். ஒருத்திகூடப் பின்வாங்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அங்கே இருப்பது அக்கா ஒருத்தி மட்டுமா? எத்தனையோ மில்லிலிருந்தும் கம்பெனியிலிருந்தும் பிடித்துவந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய ஆட்கள் நிஜமாகவே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அப்படி ஒருத்தி தட்டைச் சாய்த்தாலும் சுவர் இதையேதான் சொல்லும். அக்காவுக்கு உண்மையான வரி அவளுக்குப் பொய்யாகும். ஓவியாவிடம் சொன்னேன்.

"அதையெல்லாம் நெனைச்சா அக்காளுக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா," என்றாள்.

முடியாதுதான். அடித்தோம்.

முதல் தட்டைச் சோதிக்க, கேன்டீன் பின்னால் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். கொட்டகை ஓரத்தில் நின்று வெயிலில் சாய்த்தேன். எதிரே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இரண்டு வரியும் பளிச்சென்று நின்றன, ஒரு எழுத்துகூடப் பிசிறவில்லை. பெற்ற பிள்ளை முதன்முதலில் எழுந்து நின்றதைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தோம், ஓவியா மட்டும் அண்ணாந்து கொட்டகைக் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போதுமே கொஞ்சம் ஒருமாதிரிதான் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டி போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்டுக்கு வந்தால் ப்ரெஸ் பக்கத்தில் ஒரு போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். மடியில் எங்கள் தட்டு. பக்கத்தில் தரணிதரன், வெளிறிப்போய்.

"உங்க வேலைதானே இது?" என்றார் அதிகாரி.

"தட்டுங்களா? நாட்டுல எத்தனையோ கம்பெனி தட்டு அடிக்குதுங்க," என்றேன். அச்சைத்தான் அன்றைக்கே அரத்தால் ராவிவிட்டிருந்தேனே, அந்தத் தைரியம்.

அவர் எழுந்து ஜன்னலோரம் போய்த் தட்டைச் சாய்த்தார். எதிர்ச்சுவரில் எங்கள் இரண்டு வரி. "அதில்லைம்மா, மேல பாருங்க," என்றார்.

பார்த்தேன். விளிம்பில் பட்ட வெளிச்சம் வேறு கோணத்தில் எகிறி, கூரையில் பூ வேலைப்பாட்டுக்கு நடுவே அழகாக எழுதியிருந்தது: 'உபயம்: பி ஷிப்ட் பெண்கள், குறிச்சி.'

உடனே ஓவியாவின் பக்கம் திரும்பினேன். "அறிவிருக்குதாடி உனக்கு? கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக் குடுத்துட்டு, வெளிச்சமே வெளிய வராத அளவுக்கு அதுமேல பேரெழுதி வெக்கற கும்பலாடி நாம? திருட்டு வேலைக்கு ஆராச்சும் உபயம் போடுவாங்களா?"

"இம்புட்டுப் பெரிய காரியம் பண்ணியிருக்கோம். ஆரு பண்ணுனாங்கன்னு ஒரு வார்த்தை வேண்டாமாக்கா?" என்றாள். முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். "பி ஷிப்ட்ல யாரு இதைச் செஞ்சது?"

"நாந்தானுங்க. இவளுக விவரம் தெரியாம மெஷினை ஓட்டுனவங்க," என்றேன்.

"விவரமெல்லாம் நல்லாத் தெரியுமுங்க," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து நின்றார்கள். தரணிதரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது. அதிகாரி எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பெனாசிர் போன் செய்தார். ஒரே வார்த்தை சொன்னார்: "போடலை."

நாங்கள் சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அரசு வக்கீல் ஒரு காரியம் செய்தார். கையெழுத்து நழுவிய ஆத்திரம் அவருக்கு. காப்பகத்துக்குள் சதி நடக்கிறது, ஏஞ்சலினின் கூட்டம் வெளியே இருந்து ஆட்டுகிறது என்று எங்களையும் அதே வழக்கில் சேர்த்தார். சம்மன் வந்தது. அதைப் படித்ததும் பெனாசிர் சிரிக்கத் தொடங்கினார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"என்னங்க சிரிக்கறீங்க? எங்களையும் உள்ள போடப் போறாங்க."

"அவங்களே உங்களைக் கூப்பிட்டுட்டாங்க. எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

கோர்ட்டில் நாங்கள் வரிசையாக நின்றோம். எதிர்ப்பக்கம் ஏஞ்சலக்கா, பாதியாக இளைத்து. எங்களைப் பார்த்தும் அவர் அசையவில்லை. முதல் காரியமாக ஓவியாவின் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்த்தார். நாங்களும் திரைக்காட்சியோ என்று அவருக்குச் சந்தேகம்.

அரசு வக்கீல் தட்டை நீட்டினார். நீதிபதி அம்மா அதை வாங்கித் தாமே ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பார்த்தார். சுவரைப் படித்தார், கூரையைப் படித்தார்.

"இதை இவங்கதான் செஞ்சாங்கன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க? யாராவது இவங்க பேர்ல செஞ்சிருக்கலாமே."

அரசு வக்கீலுக்குக் குஷி. ப்ரெஸ்ஸின் பதிவைக் காட்டினார், ராவிய அச்சைக் காட்டினார், விளிம்பின் பூ வேலைப்பாடு ஓவியாவின் கைதான் என்பதற்குப் பத்துக் கல்யாணத் தட்டை அடுக்கிக் காட்டினார். இதைப் போலியாகச் செய்யவே முடியாது, வெட்டிச் சேர்க்கவும் முடியாது, உலோகம் பொய் சொல்லாது என்று முழங்கினார். எங்கள் வேலையை அவ்வளவு அருமையாக யாரும் புகழ்ந்ததில்லை.

"அப்ப இது இவங்களோட வார்த்தைதான். சந்தேகமில்லை?"

"துளியும் இல்லைங்க அம்மா."

"தட்டு அடிச்சது எப்போ?"

"போன வாரம்."

"அதுக்கு முந்தின மாசமே இவங்க எல்லாரும் ஏஞ்சலினுக்கு எதிரா சாட்சி சொல்லி, கையெழுத்துப் போட்டாங்கன்னு காட்சி தாக்கல் பண்ணியிருக்கீங்க." நீதிபதி தட்டை மேசையில் வைத்தார். "கையெழுத்துப் போட்டவங்க, 'யாரும் கையெழுத்துப் போடலை'ன்னு உயிரைப் பணயம் வெச்சு எதுக்கு அடிச்சு அனுப்பணும்?"

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "நீங்க சாட்சி சொன்னீங்களா?"

"இல்லீங்க," என்றேன். மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் சொன்னேன், என்ன செய்ய, பழக்கம். பக்கத்தில் நின்றவள் சொன்னாள், "இல்லீங்க." அதற்கடுத்தவள், "இல்லீங்க." வரிசை முடியும்வரை அந்த ஒரே சொல்தான் கேட்டது. ஏஞ்சலக்கா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார்.

காட்சிகளைச் செய்தது யார் என்ற விசாரணை இன்னும் நடக்கிறது. காப்பகத்தில் ஆளை நேரில் பார்க்கவிட வேண்டும் என்று அன்றே உத்தரவு வந்தது. சென்சார் திரும்ப வேலை செய்கிறது. சுபிக்ஷா மேல் இருந்த பழி போயிற்று. எங்கள் வேலையும் போயிற்று, தட்டு வழக்கு எங்கள் மேல் நிற்கிறது. நிற்கட்டும்.

ஜாமீனில் வந்த அக்கா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். "அந்த ரெண்டு வரியை நான் நம்பலை புள்ள. இதுவும் அவனுக சோலிதான், என்னமோ குழி தோண்டறானுகன்னு நெனைச்சேன். அப்புறம் அண்ணாந்து பாத்தேன். உபயம்னு போட்டு, சுத்தியும் பூவு. அங்கயே குத்தவெச்சு உக்காந்து சிரிச்சேன். எந்த மெஷினுக்குடி இந்தக் கிறுக்குத்தனம் வரும்? இது என் புள்ளைகதான்னு தெரிஞ்சு போச்சு."

ஓவியா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்றுவரை அந்தக் கர்வம் அவளுக்கு இறங்கவில்லை.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். நிவிஷா என்று ஒரு ஸ்பின்னிங் மில் பெண், அக்காவுக்கு அடுத்த பாயில் படுத்தவள். அவள் வழக்கில் அவளோடு வேலை பார்த்தவர்கள் நிஜமாகவே அவளுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், கூடப்பிறந்த அக்காள் உட்பட. அவளும் போட்டிருந்தால் அந்த வாரமே வீட்டுக்குப் போயிருப்பாள். தட்டைப் பார்த்துவிட்டு அவள் போடவில்லை. இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

நான் பயந்தது நடந்தேவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காப்பகத்துக்குப் போய் நின்றேன்.

நிவிஷா சின்னப் பெண். மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "அந்தத் தட்டை வடிச்சது நாந்தான் கண்ணு. அது உனக்கு எழுதுனதில்ல. எங்க அக்காளுக்கு எழுதுனது. உங்க ஆளுக போட்டுட்டாங்க. அதை உங்கிட்டச் சொல்லத்தான் வந்தேன். நீயும் போட்டுட்டு வீட்டுக்குப் போ. உன்னைய ஏமாத்துன பாவம் எனக்கு வேண்டாம்."

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க அக்கா போட்டது எனக்கு அப்பவே தெரியுங்க," என்றாள். "அது மெஷின் செஞ்சதில்ல, நெஜம். நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போட்டா. எல்லாரும் போட்டாங்க, உலகத்துல எல்லாரும் போடுவாங்க, நானும் போட்டா என்னன்னு இருந்தனுங்க. அன்னைக்குத் தட்டைக் கழுவி வெச்சப்ப, எங்கியோ ஒரு ஷிப்ட்ல ஆருமே போடலைன்னு எழுதியிருந்துச்சு. எனக்கு அது போதுங்க. நான் ஏமாறலை."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நேரமாகிவிட்டது என்று வார்டரம்மா எழுப்பினார். நிவிஷா எழுந்து இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். எதையோ கேட்கக் கூச்சப்படுகிறவளாக நின்றாள்.

"இன்னொருக்கா தட்டு அடிச்சீங்கன்னா, அந்த உபயத்துல என் பேரையும் சேத்திக்குவீங்களா?"

"சேத்திக்கறேன் கண்ணு," என்றேன்.